செவ்வாயில் தண்ணீர் ஓடிய பக்கம்

போன வாரம் நம் வகுப்புக் குழுவில் ஒரு படம் வந்தது, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றிவரும் விண்கலம் ஒன்று மேலிருந்து எடுத்தது. செங்கல் தூள் நிறத்தில் ஒரு வறண்ட ஆறு. அதற்கு நடுவே அகல் விளக்கு வடிவத்தில் திட்டுத் திட்டாக மேடுகள், ஒரு பக்கம் உருண்டை, ஒரு பக்கம் கூர்மை. படத்துக்குக் கீழே ஷார்ஜாவில் இருப்பவள் எழுதியிருந்தாள்: "நம்ம செவ்வாய்க்காரிய ஞாபகம் இருக்காடி? பிரேயர்ல மைக் முன்னாடி அழுதுக்கிட்டே மன்னிப்புக் கேட்டாளே!" உடனே சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் சிரிக்கிற மூஞ்சிகள் வந்து விழுந்தன. "பாவம்டி, அதோட படிப்பையே விட்டுட்டா" என்று ஒருத்தி வருத்தப்பட்டாள்.

செவ்வாய்க்காரி நான்தான். போன மாதம்தான் என்னைக் குழுவில் சேர்த்தார்கள், நான் உள்ளே இருப்பதே பலருக்குத் தெரியாது போலிருக்கிறது. அன்று பதில் போட நேரமில்லை. மருந்துக்கடை வைத்திருக்கிறவளுக்கு மழைக்காலத்தில் மூச்சுவிட முடியாது. இன்று ஞாயிறு, கடை அரைநாள்தான். உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் அழவில்லை. சொல்லச் சொன்னதைச் சொல்லவுமில்லை. படிப்பையும் விடவில்லை. நமக்கெல்லாம் முட்டிவலியும் சர்க்கரையும் வந்துவிட்ட வயசு, ஞாபகம் பிசகுவது சகஜம்தான். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி பிசகினால் அதை ஞாபகப் பிசகு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. தலைமை ஆசிரியை அன்று ஒரு கதையைச் சொல்லி வைத்தார், நீங்கள் இத்தனை வருஷமாக அதையே பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். என்னுடைய கதையையும் ஒருமுறை கேளுங்கள்.

நமக்கு அப்போது எட்டாம் வகுப்பு. அந்த வருஷம் மேட்டூர் திறக்கவில்லை. ஆனி போனது, ஆடி வந்தது, ஆறு மணலாகவே கிடந்தது. பதினெட்டாம் பெருக்கன்று பெண்கள் ஆற்றுக்குள் இறங்கி ஊற்றுத் தோண்டி, அதில் சுரந்த ஒரு சொம்புத் தண்ணீருக்குப் பூவையும் மஞ்சளையும் போட்டுவிட்டுக் கரையேறினார்கள். குறுவை போயே போய்விட்டது. நம் பக்கமெல்லாம் கடைமடை அல்லவா, தண்ணீர் வந்தால் கடைசியில் வரும், நின்றால் முதலில் நிற்கும். கடைத்தெருவில் உரக்கடை ஈயோட்டியது. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற ஸ்டூடியோவில் மட்டும் ஆம்பிளைகள் தலையை வாரிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சிலர் திருப்பூருக்கும் பலர் வளைகுடாவுக்கும் போனார்கள்.

என் அப்பா, நான் கூப்பிடுகிறபடி அத்தா, அதற்கு முன்பே போயிருந்தார். சவுதியில் சிமென்ட் கலவை லாரி ஓட்டினார். ஊருக்கு வருகிற யார் கையிலாவது ஓர் அட்டைப்பெட்டி கொடுத்தனுப்புவார். பெட்டியைப் பிரித்தால் முதலில் ஒரு வாசனை வரும், உங்கள் வீடுகளிலும் வந்திருக்கும். சவுக்காரமும் தைலமும் புதுத் துணியும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. அதைத்தான் நான் ரொம்ப நாள் அத்தாவின் வாசனை என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு காசெட் இருக்கும். அத்தா கடிதம் எழுத மாட்டார், பேசிப் பதிந்து அனுப்புவார். நாங்களும் பேசிப் பதிந்து அனுப்புவோம்.

அந்த ஆடியில் வந்த பெட்டியில் கண்ணாடி டம்ளர்கள் இருந்தன. உடையாமல் இருக்க ஒவ்வொன்றையும் ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையின் தாளைக் கிழித்துச் சுருட்டிப் பொதிந்திருந்தார்கள். அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டாள். நான் தாள்களை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றாக நீவி, பாய்க்கு அடியில் வைத்து, அதன்மேல் படுத்து எழுந்தேன். அத்தனையும் கிரகங்களும் நிலாக்களும்! விண்கலங்கள் எடுத்த படங்கள். வியாழனுடைய ஒரு நிலா, கல்லில் கருகிப்போன ஊத்தப்பம் மாதிரி மஞ்சளும் கறுப்புமாக. இன்னொரு நிலா முழுக்க வெள்ளை, அதில் குறுக்கும் நெடுக்கும் வெடிப்புகள். சனியின் குட்டி நிலா ஒன்றில் பாதி முகத்தை ஒரே பள்ளம் அடைத்துக்கொண்டிருந்தது. தாள் கசங்கியிருந்ததால் எது நிலாவின் கோடு, எது காகிதத்தின் சுருக்கம் என்று விரல் வைத்துத் தடவித்தான் பிரிக்க முடிந்தது.

கடைசித் தாளில் செவ்வாய் இருந்தது. குழுவில் வந்த அதே மாதிரி படம்தான், ஆனால் கறுப்பு வெள்ளை. வறண்ட ஆறு, நடுவே அகல் விளக்குத் திட்டுகள், ஒவ்வொரு திட்டின் உருண்டைப் பக்கத்திலும் ஒரு வட்டப் பள்ளம். கீழே இருந்த எழுத்து பாதியோடு கிழிந்துபோயிருந்தது. அந்தப் பாதியிலும் செவ்வாய் என்ற பெயரும் தண்ணீர் என்ற சொல்லும் தவிர எனக்கு ஒன்றும் புரியவில்லை.

எங்கள் தெருக் கிணறு உப்பு. ஆற்று ஊற்றில்தான் குடிதண்ணீர் எடுக்க வேண்டும். ஊற்று சுரந்து குடம் நிறைய நேரமாகும் என்பதால் அங்கே எப்போதும் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் காலை படங்களைப் பாவாடையில் செருகிக்கொண்டு போய் அவர்களிடம் காட்டினேன். வெடித்த நிலாவைப் பார்த்ததும் நடவுக்கு ஆள் கூட்டிவரும் அக்கா, "இது நம்ம வயலுல்ல? யாருடி இவ்வளவு உசரத்துல ஏறிப் புடிச்சது?" என்றார். நிலா என்றேன். "நெலாவுலயும் தரிசு போட்டாச்சா?" என்றார். செவ்வாய்ப் படத்தைக் காட்டி, இங்கே முன்பு தண்ணீர் ஓடியது, இப்போது இல்லை என்று சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"மேல எவன் அடைச்சான்?"

"அடைக்கலக்கா. தானா வத்திப்போச்சு."

"ஆறு தானா வத்துமா? போடி இவளே. மேல போயிப் பாரு, எவனாவது மதகப் போட்டு உக்காந்திருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினார்கள். ஆறு வறண்டு கிடந்தால் மேலே ஒருவன் தடுத்திருக்கிறான், நம் ஊரில் இதற்கு வேறு விளக்கம் யாருக்கும் தோன்றாது. எனக்கும் அதுவரை தோன்றியதில்லை. அவர்கள் சிரித்த பிறகுதான் நான் படத்தைத் திரும்பப் பார்த்தேன். மேல் என்கிறார்களே, இந்த ஆற்றுக்கு மேல் எந்தப் பக்கம்?

அந்த மாதம்தான் செவ்வாயில் ஒரு குட்டி வண்டி இறங்கி ஊர்ந்தது. பேப்பரில் எல்லாம் படம் போட்டார்கள், நம் அறிவியல் டீச்சருக்கு உற்சாகம் தாங்கவில்லை. மாவட்டக் கண்காட்சிக்கு நம் வகுப்பு செவ்வாயின் மாதிரி வடிவம் ஒன்றைச் செய்யும் என்று அறிவித்தார். நான் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டீச்சரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கஞ்சி போட்ட பருத்திப் புடவையும் யூகலிப்டஸ் வாசனையுமாக அவர் வகுப்புக்குள் வந்தாலே எனக்குப் பிடிக்கும். நிலாப் படத்தில் இருப்பது பள்ளமா கொப்புளமா என்று அன்று நாம் சண்டை போட்டோமே, நினைவிருக்கிறதா? தாளைத் தலைகீழாகத் திருப்பினால் பள்ளமெல்லாம் கொப்புளமாகிவிடும், திரும்ப நேராக வைத்தால் பள்ளமாகிவிடும். நாம் மந்திரம் என்று கத்தினோம். டீச்சர் ஒரு கிண்ணத்தை மேஜைமேல் வைத்து, ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, நிழல் எந்தப் பக்கம் நிற்கிறது என்று காட்டினார். "வெளிச்சம் எங்கேயிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சுட்டா படம் உன்னை ஏமாத்த முடியாது" என்றார். இன்றுவரை எந்த எக்ஸ்ரேயைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் கிண்ணம் ஞாபகத்துக்கு வரும். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தவர், இதை நான் எங்கேயும் மறுக்கவில்லை.

மாதிரி தயாரானது. பலகையில் குளத்துக் களிமண், மேலே சலித்த செங்கல் தூள், அகல் விளக்குத் திட்டுகள், ஒரு முனையில் வாளியும் ரப்பர் குழாயும். தண்ணீர் ஓடிய திசையைக் காட்ட டீச்சர் தன் கையாலேயே நீலப் பெயிண்டில் அம்புக்குறிகள் வரைந்தார். கூர்மையான பக்கத்திலிருந்து உருண்டைப் பக்கத்துக்கு. எனக்கு ஏதோ இடித்தது. எழுந்து நின்றேன்.

"டீச்சர், அம்பு மாறியிருக்கு. தண்ணி உருண்டைப் பக்கத்துலேருந்து வந்திருக்கும்."

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகவே கேட்டார். "படகுக்கு மூக்கு எந்தப் பக்கம் இருக்கும்? தண்ணியைக் கிழிக்கிற பக்கம்தானே? உங்க ஊர்ப் பாலத்துத் தூணைப் பாரு, கூர்மூக்கு எந்தப் பக்கம் வெச்சுக் கட்டியிருக்காங்க?"

வகுப்பு முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. பாலத்துத் தூணின் கூர்மூக்கு மேற்கே, தண்ணீர் வருகிற பக்கம்தான் இருக்கும். அன்று மத்தியானம் முழுக்க எனக்குப் பாடமே ஏறவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஆற்றுக்குள் இறங்கிப் பாலத்துக்கு அடியில் போய் நின்றேன்.

டீச்சர் சொன்னது உண்மைதான், மூக்கு மேற்கே பார்த்திருந்தது. ஆனால் தூணோடு முடியவில்லை. தூணுக்குக் கிழக்கே, தண்ணீர் போகிற பக்கமாக, மணல் நீளமாக ஒதுங்கி, போகப் போகக் குறுகி, எலிவால் மாதிரி கூராகி முடிந்திருந்தது. அடுத்த தூணுக்கும் அப்படியே. நாணல் புதர் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வால், கிடந்த கருங்கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வால், எல்லா வாலும் கடலைப் பார்த்து. சின்ன வயசிலிருந்து அந்த வால்கள்மேல் ஓடி விளையாடியிருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன். மூக்கு மனிதன் கட்டியது. தண்ணீர் தானாகச் செய்தது வால். செவ்வாயில் பாலம் கட்ட ஆள் ஏது? அந்த வட்டப் பள்ளத்தின் விளிம்பு முட்டுக் கொடுத்து நின்றிருக்கிறது, வெள்ளம் அதைச் சுற்றிப் போய்ப் பின்னால் கூராக்கியிருக்கிறது.

மறுநாள் சொன்னேன். டீச்சரின் முகம் மாறியது. அதற்குள் பள்ளியின் தாளாளர் வந்து மாதிரியைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போயிருந்தார், மாவட்டக் கல்வி அதிகாரிக்கும் சொல்லியாகிவிட்டது. "உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை. "ஆத்துல வந்து பாருங்க டீச்சர்" என்றேன். "உக்காருன்னு சொன்னேன்" என்றார். அப்போதுதான் வகுப்பில் சிரிப்புக் கிளம்பியது, செவ்வாய்க்காரி என்ற பெயரும் அன்றுதான் பிறந்தது. வைத்தவள் யார் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும் ஷார்ஜாக்காரி.

சாப்பாட்டு மணியடித்த பிறகு பிளேடால் அம்புகளைச் சுரண்டிவிட்டு நானே திருப்பி வரைந்தேன். என் பெஞ்சுத் தோழிதான் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அவள் பெயரை நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன். காய்வதற்குள் பிடிபட்டேன்.

தலைமை ஆசிரியையின் அறையில் எனக்கு ஒரு வாக்கியம் கொடுத்தார்கள். நாளைக்குப் பிரேயரில், மைக் முன்னால் நின்று, "நான் சொன்னது தவறு, ஆசிரியை சொன்னதே சரி, என்னை மன்னியுங்கள்" என்று சொல்ல வேண்டும். பெயிண்டைச் சுரண்டியதற்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். "அது இல்ல. கொடுத்ததை அப்படியே சொல்லணும்" என்றார். "வீட்டுல ஆம்பிளை இல்லேன்னா பிள்ளைங்க இப்படித்தான். வெளிநாட்டுக் காசு வேற."

மறுநாள் மைக் முன்னால் நின்றேன். நீங்கள் எல்லோரும் வெயிலில் வரிசையாக நின்றீர்கள். நான் வாயைத் திறந்ததும் மைக் கீச்சென்று கத்தியது, நீங்கள் காதைப் பொத்திக்கொண்டீர்கள். அழுதது அந்த மைக்தான், நான் அல்ல. கத்தல் நின்றதும் சொன்னேன்: "பெயிண்ட்டச் சுரண்டினது தப்பு. அதுக்கு மன்னிச்சுக்குங்க. தண்ணி ஓடின பக்கம் தப்பில்ல." அதற்குள் யாரோ வயரைப் பிடுங்கிவிட்டார்கள். கடைசி வாக்கியம் முதல் இரண்டு வரிசைக்காவது கேட்டிருக்கும். முதல் வரிசையில் நின்றவள் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறாள், நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

அன்று மத்தியானம் குழாயடியில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"நேத்து சாயங்காலம் பாலத்துக்குப் போயிருந்தேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்த்தார். அந்த வால்களைப் பார்த்துவிட்டார், அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு வாக்கியம்தானம்மா. எனக்காகச் சொல்லிடேன்."

அவர் புதுக்கோட்டைப் பக்கத்து ஏரிப் பாசன ஊர்க்காரர், ஓடுகிற ஆற்றோடு வளர்ந்தவரல்ல. அவருடைய வேலை அந்த வருஷம் நிரந்தரமாகவில்லை என்பதும், தாளாளர் கையெழுத்துக்காக அவர் காத்திருந்தார் என்பதும் எனக்கு நாற்பது வயசுக்கு மேல்தான் தெரியவந்தது. பாவம், பயந்திருக்கிறார். இப்போது அவர் வந்து கேட்டால் பக்கத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுப்பேன். அந்த வாக்கியத்தை மட்டும் இப்போதும் சொல்ல மாட்டேன். அன்றைக்கும் தலையை ஆட்டி மறுத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பெரியவர்களை அழைத்துவரச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் பெரியவர் என்றால் அத்தாவின் அண்ணன், என் பெரியத்தா. அவர் போய்க் கைகட்டி நின்று, என் சார்பில் தாராளமாக மன்னிப்புக் கேட்டார். தலைமை ஆசிரியைக்கு அது போதவில்லை, பிள்ளை வாயால் வரவேண்டும் என்றார். பெரியத்தா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலேயே முடிவைச் சொன்னார்.

"பொட்டப்புள்ளைக்கு எட்டாவது வரைக்கும் படிச்சது போதும். நாலு பேரு முன்னாடி என்னைத் தலைகுனிய வெச்சுட்டா. ஒண்ணு நாளைக்குப் போயி அந்த வார்த்தையச் சொல்லட்டும், இல்லேன்னா வீட்டுல கெடக்கட்டும்."

அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வீட்டில் கிடந்தேன். காலையில் நீங்களெல்லாம் நீலத் தாவணியும் சைக்கிளுமாக எங்கள் தெருவைத் தாண்டிப் போவீர்கள், மணிச்சத்தம் கேட்கும்போது நான் மாவாட்டிக்கொண்டிருப்பேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும், நானும் அந்தச் சைக்கிள் கூட்டத்தில் இருப்பேன். சொல்லிவிடலாமா என்று நினைக்காத நாளில்லை. உரலுக்குள் குழவி சுற்றச் சுற்ற அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். "நான் சொன்னது" வரைக்கும் வரும். அதற்கு மேல் எனக்கு அந்த எலிவால் மணல்தான் கண்ணில் நிற்கும். இல்லாததை எப்படிச் சொல்வது? ஆத்திரமாக வரும். உங்கள்மேலும் ஆத்திரம், ஒருத்திகூட எட்டிப் பார்க்கவில்லையே என்று.

நடந்ததையெல்லாம் காசெட்டில் பேசி அத்தாவுக்கு அனுப்பினோம். அவருடைய பதில் வந்தபோது எல்லாம் முடிந்து சம்பாவுக்குத் தண்ணீர்கூட வந்துவிட்டது. பின்னால் லாரிகள் இரைய, அத்தா அதில் சொன்னார்: "பேசாம மன்னிப்புக் கேட்டுடும்மா, நாமதான் அனுசரிச்சுப் போவணும். நான் இங்க தெனம் கேக்குறேன்." கடைசி வரியைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக நான் ரொம்ப நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன். காசெட் இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை, ஓட்டிக்கேட்க இயந்திரமும் வீட்டில் இல்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அவள் தனியாகக் கடைத்தெருவைத் தாண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பெரியத்தா வீட்டிலிருந்து ஒருவர் துணைக்கு வருவார். எந்த ஆபீசுக்குள்ளும் அவள் காலெடுத்து வைத்ததில்லை. அந்த நாட்களில் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டவுமில்லை. யார் சொன்னது சரி என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய குறையாக இருந்தது. அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது, அக்கறையும் இல்லை என்று முடிவு கட்டினேன்.

ஒரு நாள் காலை, பெரியத்தா மன்னார்குடிக்குப் போயிருந்த நேரம், அம்மா வெளியே போகும்போது போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டியை உதறிப் போட்டுக்கொண்டாள்.

"பள்ளிக்கூடத்து உடுப்ப மாட்டு."

எனக்குப் புரிந்துவிட்டது. என்னைச் சொல்ல வைக்கத்தான் கூட்டிப்போகிறாள். வழியில் சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்தபோது துப்பட்டியை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். தலைமை ஆசிரியை அறை வாசலில் செருப்பைக் கழற்றப்போனவளை, வேண்டாம் என்று நான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

உள்ளே அந்தச் செவ்வாய் மாதிரி வடிவம் மேஜைமேல் இருந்தது. அம்புகளைப் பழையபடி திருப்பி வரைந்திருந்தார்கள். நம் பள்ளிக்கூடத்துக்கு அதற்கு இரண்டாம் பரிசு கிடைத்தது, தண்ணீர் பின்னோக்கி ஓடிக்கொண்டே. அதையும் நீங்கள் கொண்டாடியிருப்பீர்கள்.

"வாங்க, உக்காருங்க" என்றார் தலைமை ஆசிரியை. அம்மா உட்காரவில்லை. "நல்லா படிக்கிற பிள்ளைதான், எங்களுக்கும் விட மனசில்ல. பெருசா ஒண்ணும் கேக்கலீங்க. இங்கயே, என் முன்னாடி, அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லட்டும். மைக்கெல்லாம் வேண்டாம். அப்படியே கிளாசுக்குப் போயிடலாம்."

மைக்குகூட வேண்டாமாம். அவ்வளவு இறங்கி வந்துவிட்டார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"சொல்றியா?"

"சொல்ல மாட்டேம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன். அது பொய்யி. சொல்ல மாட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தலைமை ஆசிரியையைப் பார்த்துச் சொன்னாள்.

"அவ சர்ட்டிபிகேட்டக் குடுத்துடுங்க."

தலைமை ஆசிரியை இதை எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, அவசரப்படாதீங்க. இதை விட்டா பக்கத்து ஊர் கவர்மென்ட் ஸ்கூல்தான். பஸ்ல போகணும். பசங்களும் படிக்கிற இடம். உங்க வீட்டுப் பிள்ளைங்க யாரும் அங்க போறதில்லையே."

"இனிமே போவும்."

"வீட்டுப் பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"பெத்தவ நான் இங்கதாங்க நிக்கிறேன்" என்றாள் அம்மா. "எம் பொண்ணு செஞ்ச தப்புக்கு மன்னிப்பு சொல்லிட்டா. செய்யாத தப்புக்குச் சொல்ல மாட்டா. நீங்க எழுதிக் குடுங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. அத்தனை மரியாதையாகத்தான் பேசினாள். தலைமை ஆசிரியை எழுத்தரைக் கூப்பிட்டார். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் அம்மா பேனாவை இறுக்கிப் பிடித்து, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள். வராந்தாவில் அறிவியல் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எதையோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவருக்கும் சலாம் சொல்லிவிட்டு நடந்தாள். நீங்கள் அப்போது கணக்கு வகுப்பில் இருந்தீர்கள், வாய்பாடு சொல்கிற சத்தம் கேட்டது. நான் அழுதுகொண்டே போனதாக யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்ததாகச் சொல்வீர்களே, அன்று என் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றோம். அம்மா சர்ட்டிபிகேட்டைத் துப்பட்டிக்குள் நெஞ்சோடு அணைத்திருந்தாள். பெரியத்தா சாயங்காலம் வருவார், தெரு முழுக்கப் பேசும், எல்லாம் அவளுக்குத் தெரியும். கவர்மென்ட் பள்ளிக்கூடத்து ஊருக்குப் போகிற பஸ் புழுதியோடு வந்து நின்றது. கண்டக்டர் ஏறுங்க ஏறுங்க என்றார். அம்மா படியில் ஒரு காலை வைத்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, காலைக் கீழே எடுத்துவைத்து, என் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"ஆமா, தண்ணி நெசமாவே நீ சொன்ன பக்கமாத்தான் போச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது தெரியாமலேதான் அவள் உள்ளே போய் அத்தனையும் பேசிவிட்டு வந்திருக்கிறாள்.

"ஆமாம்மா" என்றேன்.

"அப்ப ஏறு" என்றாள் அம்மா.